பெயர் இருந்த இடம்

எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குள் ஒரு பித்தளை லோட்டா கிடக்கிறது. என் கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவுதான். விளிம்பில் மெல்லிய மடிப்பு, அடியில் ஒரு வளையம், வேறு வேலைப்பாடு எதுவும் கிடையாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், விளிம்புக்குக் கீழே பெருவிரல் அகலத்துக்குப் பித்தளை மற்ற இடத்தைவிட வழுவழுப்பாகவும் லேசாகப் பள்ளம் விழுந்தும் இருப்பது தெரியும். அங்கே ஒரு பெயர் இருந்தது. அதை அழித்தவன் நான். இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பழைய சாமான் பித்து உண்டு. ஈப்போவில் ஓர் இயந்திரப் பட்டறையில் முப்பது வருடங்களுக்கு மேல் ஃபிட்டராக இருந்தவன் நான். வாரம் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டியவனுக்கு ஏழாம் நாளாவது ஓய்வு வேண்டாமா என்று கேட்பார்கள். எனக்கு அதுதான் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆற்றோரம் தார்ப்பாய் விரித்துப் போட்டிருக்கும் சந்தைக்குக் கால் தானாகப் போய்விடும். பச்சை விளிம்பு வைத்த எனாமல் மங்குத் தட்டுகள், காப்பிக் கடைகளில் பார்த்த தடித்த பீங்கான் கோப்பைகள், சாவி கொடுத்தால் இன்னும் ஓடுகிற சுவர்க் கடிகாரங்கள், மூடியில் ரோஜாப்பூ போட்ட பிஸ்கட் டின்கள், டப்பென்று வாய் மூடிக்கொள்ளும் பெண்களின் கைப்பைகள், கல் உதிர்ந்த புரோச்சுகள். புதுக் கடைக்குப் போனால் என்ன வாங்கப்போகிறோம் என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். இங்கே அது தெரியாது. குப்பை என்று தாண்டிப்போன இடத்தில் இரண்டு எட்டு திரும்பி வந்து குனிந்தால், அழுக்குக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பளிச்சென்று நம்மைப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஒருவன் வாராவாரம் வெயிலில் அலைகிறான். வாங்கி வந்ததைப் பார்த்ததும் என் மனைவி, "வீடா இது, பழைய பேப்பர்காரன் ஸ்டோரா?" என்பாள். அவள் பள்ளி ஆசிரியை. கேள்வி கேட்டால் பதில் எதிர்பார்க்கிறவள். நான் சாமானைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன்.

வாங்குவது பாதி சந்தோஷம் என்றால், வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருக்கும் சின்னப் பட்டறையில் அவற்றைச் சீர்படுத்துவது மீதிப் பாதி. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் நான் தனி மரியாதை தருவேன். நசுங்கலை மரச் சுத்தியால் உள்ளிருந்து தட்டித் தட்டி எடுத்து, களிம்பைச் சுரண்டி, மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் வாங்கும்போது இருந்த சாமானா இது என்று ஆகிவிடும். இதில் ஓர் இடைஞ்சல் உண்டு. நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு வந்த பாத்திரமானால் கொடுத்தவர் பெயர், சொந்தமாக வாங்கியதானால் வீட்டுக்காரர் பெயர். அடுத்த வீட்டு விசேஷத்துக்கு இரவல் போன குண்டான் அடையாளம் தெரிந்து திரும்பி வரவேண்டுமே. உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய அந்த எழுத்துகள் என் கண்ணுக்கு அப்போது கீறலாகத்தான் பட்டன. கோப்பெங்கில் பழைய சாமான் விற்கும் பண்டல் கடை ஒன்றுக்கு வழக்கமாகப் போவேன். அதன் சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம், தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் சரளமாக வரும். அவர்தான், "அண்ணே, பேரு இருந்தா யாரும் வாங்க மாட்டான் லா. அடுத்தவன் வீட்டுச் சாமான் மாரி இருக்கும்," என்றார். எனக்கு அது நியாயமாகப்பட்டது. அதன்பிறகு கைக்கு வந்த பாத்திரத்தில் எல்லாம் பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மெருகு போட்டேன். எத்தனை பெயர்கள் என்று கேட்டால் தெரியாது. ஒன்றைக்கூட வாசித்துப் பார்த்த ஞாபகம் இல்லை.

மாமா காலமான பிறகு அத்தை எங்களோடு இருக்க வந்தார். அத்தை என்றால் மனைவியின் தாயார். பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே பிள்ளைகளைப் பெற்றவர். ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட்டபோது, வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள். அதன்பின் கொஞ்ச காலம் பீடோர் டவுனில் வாடகை வீடு, பிறகு எங்கள் வீடு. மருமகன் முன்னால் உட்கார்ந்து பேசுவது அவர் வழக்கத்திலேயே இல்லை. நான் கூடத்துக்குள் நுழைந்தால் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். இரண்டு முழ தூரத்தில் நான் நின்றுகொண்டிருக்க, "மாப்ள காப்பி குடிச்சிட்டாங்களான்னு கேளு," என்று மகளிடம் சொல்வார். "நீங்களே கேளுங்கம்மா, அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு," என்பாள் இவள். அப்படியும் அவர் கேட்டதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வருடங்கள் இப்படியே போயின.

பிறகு அவருக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. தனியாக விடக்கூடாது என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவிக்கு டியூஷன் வகுப்பு. "அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. உங்க பழைய சாமானோட அவங்களும் ஒண்ணு," என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறிப் போய்விட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அத்தை சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என் காரின் பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். முதல் ஞாயிறு சந்தையில் இறங்கவே இல்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார். இரண்டாம் ஞாயிறு இறங்கி என் பின்னால் நடந்தார். நான் ஒரு மங்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டபோது, பின்னாலிருந்து குரல் வந்தது. "இதுலதான் நாங்க கோழிக்குத் தண்ணி வப்போம், மாப்ளே." அத்தை என்னோடு நேராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நாங்க தூக்கிப் போட்டதை நீங்க காசு கொடுத்து வாங்குறீங்களே என்கிற ஆச்சரியம் அதில் இருந்தது. நான் வெட்கத்தோடு அந்தத் தட்டை வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அவர் வராமல் இருந்ததில்லை. நான் எழுவதற்குள் குளித்துச் சேலை மாற்றித் தயாராக இருப்பார். சந்தையில் அவர் கண் பித்தளையின்மேல்தான் போகும். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, சுற்றிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, திரும்ப அதே இடத்தில் வைப்பார். எதையும் வாங்கமாட்டார். எங்களைப் போன்ற பித்தர்களும் சாமானைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துத்தான் பார்ப்போம். எந்த ஊர்ச் சரக்கு, எந்தக் கம்பெனி என்கிற முத்திரை அடியில்தான் இருக்கும். என்னைப் பார்த்து அத்தையும் அதைப் பிடித்துக்கொண்டார் என்று நினைத்தேன். இந்த முத்திரை இருந்தால் ஜப்பான், இது இருந்தால் சுவீடன் என்று கையில் வைத்துக்காட்டி விளக்கம் வேறு சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டார். "எங்க அத்தைக்கு நல்ல கண்ணு," என்று கூட்டாளிகளிடம் பெருமை பேசியதை நினைத்தால் இப்போது எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒருநாள் கோப்பெங்கில் தவுக்கே கடைக்குப் போனோம். நடைபாதையில் ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியிருந்தார். பீடோர்ப் பக்கம் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் இறந்துவிட, அவருடைய ஸ்டோரில் வருடக்கணக்காகக் கிடந்த தோட்டத்துப் பாத்திரங்களை இவர் வாங்கி வந்திருக்கிறார். அத்தை ஒரு குட்டை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு சொம்பை எடுத்துத் திருப்பினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த படிப்பை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். "மு. காளியம்மா." கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "ரெண்டாவது லயத்துக் காளியம்மாக்கா சொம்பு இது." அடுத்து, தோட்டத்து மேஸ்திரி பெயர் வெட்டிய ஒரு குண்டான். "மண்டோரு வீட்டுக் குண்டான். எங் கல்யாணத்துக்கு இதுலதான் ரசம் வச்சாங்க." ஒவ்வொன்றாக எடுத்து, வாசித்து, இறந்தவர் பெயர் வந்தால் சேலையால் துடைத்து வைத்தார். மூட்டை காலியாகும்வரை எழவில்லை. கடைசிப் பாத்திரத்தை வைத்துவிட்டு வெறும் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் இவர் கவிழ்த்துப் பார்த்தது கம்பெனி முத்திரைக்காக அல்ல.

அவரைக் காரில் உட்காரவைத்துவிட்டு, வாங்கியதை ஏற்றுவதற்காகத் திரும்பி வந்தேன். தவுக்கே என்னிடம், "அண்ணே, இது ரெண்டாவது மூட்டை லா. மொத மூட்டை நாலு வருசம் முன்ன வந்துச்சு. சின்ன சாமான் எல்லாம் நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்க, மறந்துட்டீங்களா?" என்றார். நான் மறந்திருந்தேன்.

திரும்பும் வழியில் அத்தை பின்சீட்டிலிருந்து தானாகவே பேசினார். நான் கண்ணாடியில் அவர் முகத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டு ஓட்டினேன். "ஒரு சின்ன லோட்டா, மாப்ளே. எம் மூத்தவளுது." என் மனைவிக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பால் வெட்டப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுவார்கள். யாருடைய லோட்டா எது என்று சண்டை வரக்கூடாதென்று ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரை வெட்டிக் கொடுத்து அனுப்புவது வழக்கம். "இந்திராணின்னு பேரு வச்சோம். அவ்ளோ பெரிய பேரு இந்தச் சின்ன லோட்டாவுல எங்க நிக்கும்னு பேரு வெட்டுறவரு சிரிச்சாரு. சின்னச் சின்ன எழுத்தா வெட்டிக் குடுத்தாரு. ஆயாக்கொட்டகை படியில போட்டு அடிப்பா, அடியில ஒரு நசுங்கலு இருக்கும்." மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது.

படம் எடுத்ததில்லை. பிறப்புப் பத்திரம் ஒரு வெள்ளத்தில் பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. புதைத்த இடம் இப்போது செம்பனைக் காடு, எந்த மரத்தடி என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் மாமா சாப்பாட்டிலிருந்து எழுந்துபோய்விடுவார், அதனால் சொல்வதையும் விட்டாயிற்று. மிஞ்சியது அந்த லோட்டா. அதை அரிசிப் பானைக்குள் போட்டு அளப்பதற்கு வைத்துக்கொண்டார் அத்தை. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அந்த லோட்டாவில் அளந்த சோற்றைத்தான் தின்று வளர்ந்தார்கள், என் மனைவி உட்பட. "லயத்த விட்டு வந்த அன்னிக்கி ஒரே கலாட்டா. பழைய சாமான் லோரிக்காரன் நிக்கிறான். நாந்தான் அரிசிப் பானையத் தூக்கிக் குடுத்தேன். உள்ள அது கெடந்தத பாக்கல. பீடோருக்கு வந்து மொதச் சோறாக்க அரிசி எடுக்கப் போறேன், கை தேடுது. அப்பத்தான் தெரிஞ்சிச்சி." கொஞ்சம் தூரம் போனதும், "எங் கையாலதான் குடுத்தேன்," என்று இன்னொரு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். மேசையில் என் துளைபோடும் ஊசிகளைப் போட்டுவைக்க ஒரு சின்னப் பித்தளை லோட்டா இருந்தது. தவுக்கேயின் முதல் மூட்டையில் வந்தது. அதோடு வந்த மற்ற ஐந்து லோட்டாக்களைப் பழைய டவுனில் ஒரு காப்பிக் கடைக்காரருக்கு விற்றிருந்தேன், மேசைக்கு மேசை பூ வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். இது மட்டும் கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று நானே வைத்துக்கொண்டேன். கவிழ்த்துப் பார்த்தேன். நசுங்கல் இல்லை. நான்தான் நசுங்கலையெல்லாம் எடுத்துவிடுவேனே. பெயர் இல்லை. அதையும் எடுத்துவிட்டேனே. முப்பது வருடத் தொழிலில் என்னைக் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கவைத்த கை அது. ஒரு தடயம்கூட விட்டுவைக்காமல் சுத்தமாகச் செய்திருந்தது. மறுநாள் அந்தக் காப்பிக் கடைக்குப் போய் மேசை மேசையாக நின்று, பிளாஸ்டிக் பூவை எடுத்து வைத்துவிட்டு ஐந்து லோட்டாக்களையும் திருப்பிப் பார்த்தேன். ஐந்திலும் விளிம்புக்குக் கீழே அதே வழுவழுப்பு. ஆறில் எது இந்திராணியுடையது, ஆறில் ஒன்றாவது அவளுடையதுதானா என்று கண்டுபிடிக்க எனக்கு வழி இல்லை. பரிமாறும் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். வாய் வராது. லோட்டாவைத் துணியில் சுற்றிக் கருவிப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக அத்தையை இன்னும் தூரமாகக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். கமுந்திங்கில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் கமுந்திங், பீடோரில் பழைய இரும்புக் கடை திறக்கிறது என்றால் பீடோர். கிடைக்காது என்று பாதி தெரிந்தே ஓட்டினேன். அவர் ஒவ்வொரு கடையிலும் குனிந்து, எடுத்து, திருப்பி, வைத்து, அடுத்ததை எடுப்பார். முட்டி வலிக்கும், சொல்லமாட்டார். வீட்டுக்கு வந்து மகளிடம், "பெத்த புள்ளகூட இப்படிக் கூட்டிட்டுப் போவாது. தங்கமான மனுசன் ஒன் வீட்டுக்காரரு," என்பார். அது என் காதில் விழும்படித்தான் சொல்வார். மருமகனை நேராகப் புகழக்கூடாது என்கிற வழக்கம் அவருக்கு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்து மாதம் இப்படிக் கழிந்தது. ஒருநாள் பிற்பகல். மனைவி பள்ளியிலிருந்து வரவில்லை. அத்தை அடுப்படித் தரையில் தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்க அத்தே. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்றேன். துணியைப் பிரித்து லோட்டாவை அவர்முன் வைத்தேன். மூட்டை வந்தது, தவுக்கே சொன்னது, சக்கரத்தில் தேய்த்தது, வாசிக்காமல் தேய்த்தது, காப்பிக் கடையில் ஐந்து இருப்பது, ஐந்து மாதம் ஒளித்துவைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது. அறுபது வயதுக்காரன் மாமியார் முன்னால் உட்கார்ந்து அழுதேன் என்று எழுத இப்போது கூச்சமாக இல்லை.

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு லோட்டாவை எடுத்தார். திருப்பவில்லை, கவிழ்க்கவில்லை. பெருவிரல் நேராக அந்த வழுவழுப்பின்மேல் போய் நின்றது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அரிசி டின்னைத் திறந்து, உள்ளே அரிசி அளக்கப் போட்டிருந்த காலிப் பால் டின்னை ஓரம் தள்ளிவிட்டு, லோட்டாவை அரிசிக்குள் அமுக்கி எடுத்தார். நிரம்பி வழிந்ததை உள்ளங்கையின் ஓரத்தால் வழித்துவிட்டார். மெதுவாகத் திரும்பக் கொட்டினார். இன்னொரு தடவை அள்ளினார், வழித்தார், கொட்டினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்.

"இது இல்ல, மாப்ளே," என்றார். "அது இத விடக் கொஞ்சம் பெருசு."

எனக்கு மூச்சு வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் போட்டதுபோல இருந்தது. அந்த நேரத்தில் நான் அடைந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அத்தை அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. திரும்பாமலே, "அந்தக் கடையில இருக்குறதையும் போயிப் பாக்க வேணாம். இருந்துட்டுப் போவுது," என்றார். சற்றுப் பொறுத்து, "இதுலயும் யாரோ ஒரு புள்ள பேரு இருந்திருக்கும்ல. இது இங்கயே கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, லோட்டாவை அரிசி டின்னுக்குள் வைத்து மூடினார். பால் டின்னை என்னிடம் கொடுத்தார். "ஒங்க ஊசியெல்லாம் இதுல போட்டு வச்சிக்குங்க." மறுபடி தரையில் உட்கார்ந்து மிச்ச நெத்திலியைக் கிள்ள ஆரம்பித்தார்.

அன்று இரவுச் சோற்றுக்கு அரிசி அளந்தது அத்தைதான். அளவு மாறினால் சோறு குறையும், இல்லை மிஞ்சும் என்று என் மனைவி முணுமுணுத்தாள். பால் டின்னில் எத்தனை என்பதுதான் அவளுக்குப் பழக்கம். சோறு குறையவும் இல்லை, மிஞ்சவும் இல்லை. "என்னம்மா, மொத நாளே கணக்கா அளந்துட்டீங்க," என்றாள் ஆச்சரியமாக. "சோறாக்குறது எனக்கு என்ன புதுசா," என்று அத்தை தட்டிக்கழித்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சில் கல் இல்லாதவனுக்குச் சோறு நன்றாக இறங்கும். அந்தப் பேச்சை நான் கவனிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு அத்தை காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதிலிருந்து ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமாக நாங்கள் சேர்ந்து சுற்றினோம். என் பழைய சாமான் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. அத்தை சாமானை ரசிக்க ஆரம்பித்தார். வாய் டப்பென்று மூடும் கறுப்புக் கைப்பை ஒன்றைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்து, தவுக்கேயிடம் அவரே விலை பேசி வாங்கினார். "ஏன் தவுக்கே, இந்த விலைக்குப் பைக்குள்ள காசும் வச்சிக் குடுப்பியா?" என்று கேட்டு அவரைச் சிரிக்கவைத்தார். இரண்டு கல் உதிர்ந்த மயில் புரோச்சு ஒன்றை வாங்கிச் சேலைத் தோளில் குத்திக்கொண்டு கோயிலுக்குப் போனார். தோட்டத்தில் துரை வீட்டு அம்மாள் இப்படித்தான் குத்திக்கொண்டு வருவார், தூரத்திலிருந்து பார்த்திருக்கிறோம் என்றார். நான் கடைகளில் விசாரிப்பது, பேரம் பேசுவது, வேண்டாம் என்று போய்விட்டுத் திரும்பி வருவது எல்லாவற்றையும் கிண்டல் செய்தார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். மன்னிக்க என்ன இருக்கிறது, அதுதான் அவருடையது இல்லையே என்றும் நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் மழைக்காலத்தில் அத்தை தவறிவிட்டார். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்தார். கடைசி நாட்களில் அவர் பெரிதாக எதுவும் பேசவில்லை. மகளிடம் சோறு ஆக்கினாயா என்று கேட்டார், எத்தனை லோட்டா போட்டாய் என்று கேட்டார். கைப்பையையும் புரோச்சையும் என் மனைவி எடுத்து வைத்துக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குக் கோப்பெங் போகக் கால் வந்தது. தவுக்கேயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "நல்ல அக்கா லா," என்றார். பிறகு, "அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மொதல்ல எல்லாம் அந்த அக்கா வந்தா, கடையில உள்ள பித்தள எல்லாத்தையும் கவுத்துப் பாப்பாங்க. ஒண்ணு விடமாட்டாங்க. அப்பறம் ஒருநாள் விட்டுட்டாங்க. போன வருசம் பூரா ஒண்ணக்கூடத் தொடல. நான் தமிழ்ச் சாமான் வந்தா அவங்களுக்குன்னு தனியா எடுத்து வப்பேன், அதயும் பாக்கல. தேடுனது கெடச்சிருச்சு போலன்னு நெனச்சிக்கிட்டேன். கெடச்சிருச்சா?" என்று கேட்டார்.

நான் காருக்கு வந்து கதவை மூடிக்கொண்டேன். முன்சீட்டைப் பார்த்தேன். தனக்கு வேண்டியது இன்னும் எங்கோ கிடக்கிறது என்று நினைக்கிறவர் தேடுவதை விடமாட்டார். பழக்கமில்லாத லோட்டாவில் அரிசி அளக்கிறவருக்கு முதல் நாளே அளவு பிடிபடாது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு தடவை அள்ளிக் கொட்டியபோதே அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற பிள்ளையின் பெயர் உலகத்தில் எழுதியிருந்த ஒரே இடத்தை நான் தேய்த்துவிட்டேன் என்று தெரிந்தபின்தான், அவர் இது இல்லை என்று சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டிருந்த மருமகனுக்காகச் சொன்ன பொய். பிறகு அந்தப் பொய்யை ஒரு வருடத்துக்குமேல் முன்சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே காப்பாற்றினார். காருக்குள்ளேயே வாய்விட்டு அழுதேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி வெகுநேரம் அழுதாள். பார்த்திராத அக்காவுக்காகவா, அம்மாவுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த எடத்துல மறுபடியும் பேர வெட்டிடுங்களேன். உங்களுக்குத் தெரியாததா," என்றாள். செய்யலாம். என்னிடம் உளி இருக்கிறது, கையும் நடுங்கவில்லை. ஆனால் அது நான் வெட்டிய பெயராகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டே சின்னச் சின்ன எழுத்தாக வெட்டிக் கொடுத்த அந்த மனிதருடைய எழுத்தாக ஆகாது. நான் செய்தது அப்படியே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்குப் போகிறேன், சாமான் வாங்குகிறேன், மெருகு போடுகிறேன். பெயர் இருக்கும் இடத்துக்கு மட்டும் சக்கரத்தைக் கொண்டுபோவதில்லை. அதைச் சுற்றி அழுக்கு அப்படியே கறுப்பாக நிற்கும். வாங்க வருகிறவர்கள் குறை சொல்வார்கள். முதலில் பெயரை வாசியுங்கள் என்பேன்.

நான் ஓய்வு பெற்றவன், அவள் இன்னும் பள்ளிக்குப் போகிறாள். அதனால் மத்தியானச் சோறு என் பொறுப்பு. இரண்டு பேருக்கு ஒரு லோட்டா தளும்பத் தளும்ப எடுத்தால் சரியாக இருக்கும். டின்னுக்குள் கையை விட்டு அரிசியோடு சேர்த்து அதைப் பிடித்துத் தூக்கும்போது என் பெருவிரல் தானாக அந்த வழுவழுப்பில் போய் நிற்கிறது. உள்ளங்கையால் வழித்துவிடுகிறேன். இந்திராணி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அரிசியைப் பானையில் கொட்டுகிறேன்.